செத்த பேட்டரிக்கு உயிர் வருமா?



பலசரக்குக் கடையானாலும் சரி, மொத்த வியாபார மண்டியானாலும் சரி, இன்று பேட்டரி இல்லாமல் நம் வியாபாரம் ஒரு நாளும் நடப்பதில்லை. எலக்ட்ரானிக் தராசுக்குள் ஒன்று, பில் போடும் கம்ப்யூட்டரின் யு.பி.எஸ்ஸில் ஒன்று, விளக்குக்கும் மின்விசிறிக்கும் இன்வெர்ட்டரில் ஒன்றோ இரண்டோ, சரக்கு ஏற்றும் வண்டியில் ஒன்று என்று கணக்குப் பார்த்தால் கைவிரல்கள் போதா. 2012-ஆம் ஆண்டையொட்டி நம் தமிழ்நாட்டில் மின்வெட்டு கடுமையாக இருந்தபோது இன்வெர்ட்டர் வாங்கிய கடைக்காரர்கள் அதற்குப் பிறகு இரண்டாவது, மூன்றாவது செட் பேட்டரிகூட மாற்றியிருப்பார்கள்.

இன்வெர்ட்டர் பேட்டரி ஒன்றின் விலை பல ஆயிரம் ரூபாய். நான்கைந்து வருடத்தில் அது தளர்ந்துபோகும்போது, "புதிது வாங்க வேண்டாம், பழையதற்கே உயிர் கொடுத்துத் தருகிறேன்" என்று ஒருவர் வந்தால் நம் மனம் அந்தப் பக்கம் சாய்வது இயல்பே. அப்படிச் சாய்ந்து நஷ்டப்பட்டவன் என்ற முறையிலும், பின்னர் உண்மையிலேயே ஒரு பேட்டரியை மீட்டு உபயோகித்தவன் என்ற முறையிலும், இதில் எது ஆகும், எது ஆகாது என்பதை விளக்க விரும்புகிறேன்.

பொடிக்காரரிடம் ஏமாந்த கதை

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் மண்டியில் 150 ஆம்பியர் பேட்டரிகள் இரண்டு ஓடிக்கொண்டிருந்தன. நாலரை வருடம் உழைத்தவை. மின்சாரம் நின்றால் ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லை. தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கையில் ஒருவர் வந்தார். "அண்ணாச்சி, புது பேட்டரிக்குக் காசைக் கொட்டாதீங்க. ஒண்ணுக்கு 1,200 ரூபாய் கொடுங்க, இன்னும் மூணு வருஷம் ஓடும்" என்றார். பழைய ஆசிட்டைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, புது ஆசிட் ஊற்றி, செல்லுக்கு ஒரு பொட்டலம் வெள்ளைப் பொடியைப் போட்டார். ஹைட்ரோமீட்டரை விட்டுக் காட்டினார். 1280 என்று காட்டியது. "பாருங்க, புது பேட்டரியைவிட மேல்!" என்றார். நானும் 2,400 ரூபாயை எண்ணிக் கொடுத்தேன்.

மூன்று வாரம் பரவாயில்லாமல் ஓடியது. தீபாவளிக்கு முந்தைய நாள் மாலை, கடை நிறைய ஆட்கள் நிற்கும் நேரத்தில் மின்சாரம் நின்றது. பத்தே நிமிடத்தில் இன்வெர்ட்டரும் நின்றது. கம்ப்யூட்டர் அணைந்து, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் துண்டுச் சீட்டில் பில் எழுதினோம். அன்றைய கணக்கு நேராக இரண்டு நாள் பிடித்தது. அந்தப் பேட்டரிகளைத் திரும்ப எழுப்பவே முடியவில்லை.

பிறகு விவரம் தெரிந்த ஒரு பேட்டரி மெக்கானிக் சொன்ன விளக்கம்தான் இந்தக் கட்டுரையின் அடிப்படை.

பேட்டரிக்குள் நடப்பது என்ன?

ஈய ஆசிட் பேட்டரியை 1859-இல் பிரான்ஸ் நாட்டின் காஸ்டன் பிளாந்தே என்பவர் கண்டுபிடித்தார். இன்று நம் இன்வெர்ட்டரில் இருப்பதும் அடிப்படையில் அதேதான். 12 வோல்ட் பேட்டரியில் ஆறு செல்கள். செல் ஒன்றுக்குச் சுமார் 2 வோல்ட். ஒவ்வொரு செல்லிலும் ஈயத் தகடும், ஈய டை ஆக்சைடு பூசிய தகடும், நீர் கலந்த கந்தக ஆசிட்டில் நிற்கின்றன.

பேட்டரியிலிருந்து மின்சாரம் எடுக்கும்போது ஆசிட்டில் உள்ள சல்பேட் இரண்டு தகட்டிலும் போய் ஒட்டிக்கொள்கிறது, மிஞ்சுவது தண்ணீர். அதனால் ஆசிட் நீர்த்துப்போகிறது. சார்ஜ் ஏற்றும்போது தகட்டில் ஒட்டிய சல்பேட் கரைந்து திரும்ப ஆசிட்டுக்கே வருகிறது, ஆசிட் கனமாகிறது. அந்தக் கனத்தைத்தான் ஹைட்ரோமீட்டர் காட்டுகிறது. முழு சார்ஜில் 1240 முதல் 1260 வரை, இறங்கிய நிலையில் 1150-க்குக் கீழே என்பது இன்வெர்ட்டர் பேட்டரிகளில் வழக்கமான அளவு. (உண்மையில் அது 1.240, மெக்கானிக்குகள் புள்ளியை விட்டுச் சொல்வார்கள்.)

இப்போது பொடிக்காரரின் தந்திரம் விளங்கும். ஹைட்ரோமீட்டர் ஆசிட்டை அளக்கிறதே தவிர தகட்டை அளப்பதில்லை. புது ஆசிட் ஊற்றினால் செத்த பேட்டரியும் 1280 காட்டும். மூட்டையின் வாயில் நல்ல துவரம்பருப்பை வைத்து அடியில் வண்டு விழுந்ததைக் கட்டிய கதைதான். அதுமட்டுமல்ல, தகட்டில் ஒட்டிய சல்பேட் அப்படியே இருக்க, மேலும் ஆசிட் சேர்ந்ததால் தகடு இன்னும் வேகமாக அரித்துப்போனது.

நிலுவையும் வராக்கடனும்

பேட்டரி தளர்வதற்குக் காரணங்கள் பல இருந்தாலும், அவற்றை நம் கணக்குப் புத்தகத்தைப் போல இரண்டு தலைப்பில் எழுதிவிடலாம்.

முதலாவது நிலுவை, அதாவது வசூலிக்கக் கூடியது. பேட்டரியை இறங்கிய நிலையிலேயே வாரக்கணக்கில், மாதக்கணக்கில் போட்டு வைத்தால், தகட்டில் மாவு போல ஒட்டியிருந்த சல்பேட் மெல்ல மெல்லக் கல் போல இறுகுகிறது. பிறகு சாதாரண சார்ஜுக்குக் கரைவதில்லை. தினமும் அரைகுறையாக சார்ஜ் ஆகும் பேட்டரிக்கும் இதே கதிதான். இதைப் பட்டினி கிடந்த பேட்டரி எனலாம். தகடு நன்றாக இருக்கும். சல்பேட்டும் தகட்டிலேயே இருக்கும். இறுகி வெகுநாள் ஆகாதிருந்தால், பொறுமையாகக் கேட்டால் பெரும்பகுதி திரும்பி வரும்.

இரண்டாவது வராக்கடன். தகட்டின் சட்டம் அரித்துப்போவது, தகட்டில் பூசிய பொருள் உதிர்ந்து அடியில் சேறாகப் படிவது, அந்தச் சேறு தகடுகளைத் தொட்டு செல் ஷார்ட் ஆவது ஆகியவை இதில் சேரும். அதிக சார்ஜ், வெப்பம், வயது ஆகியவற்றால் வருவது இது. உதிர்ந்ததை ஒட்டவைக்கும் பொடியோ திரவமோ கருவியோ கிடையாது. அலை அலையாக மின்சாரம் அனுப்பி சல்பேட்டைக் கரைப்பதாகச் சொல்லி விற்கும் கருவிகளும் முதல் வகையைத்தான் குறிவைக்கின்றன. இரண்டாம் வகைக்கு அவற்றாலும் பயனில்லை.

ஆகவே காசு செலவழிக்கும் முன் நாம் கேட்க வேண்டியது "இந்தப் பேட்டரி நிலுவையா, வராக்கடனா?" என்பதுதான்.

கண்டுபிடிக்கும் விதம்

சார்ஜ் ஏற்றி, இணைப்பைக் கழற்றி, சில மணி நேரம் பேட்டரியைச் சும்மா விடுங்கள். பிறகு ஆறு செல்லிலும் தனித்தனியாக ஹைட்ரோமீட்டர் வைத்து எழுதிக்கொள்ளுங்கள். ஆறும் ஏறத்தாழ ஒரே அளவில் குறைவாக இருந்தால் (உதாரணமாக எல்லாம் 1130 முதல் 1150 வரை) பட்டினி என்று கொள்ளலாம்; மீட்க வாய்ப்புண்டு. ஐந்து செல் நன்றாக இருந்து ஒரே ஒரு செல் மட்டும் ஆழத்தில் கிடந்தால் அந்தச் செல் போய்விட்டது என்று பொருள். ஹைட்ரோமீட்டருக்குள் ஏறும் ஆசிட் பழுப்பாக, கலங்கலாக இருந்தாலும் தகடு உதிர்கிறது என்று அறியலாம்.

மீட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எளிய கணக்கு. ஹைட்ரோமீட்டர் அளவோடு 0.84 சேர்த்தால் ஒரு செல்லின் வோல்ட் ஏறத்தாழ வரும். 1.250 என்றால் 2.09, ஆறு செல்லுக்கு 12.54 வோல்ட். ஆசிட் 1250 காட்டி, மீட்டரோ 10.5 வோல்ட்டுதான் காட்டுகிறது என்றால் ஒரு செல் செத்துவிட்டது, பேசிப் பயனில்லை.

மீட்கும் விதம்

எங்கள் கிட்டங்கியில் இணைப்பு கழற்றி நாலு மாதமாகக் கிடந்த வேறு இரண்டு பேட்டரிகளை அந்த மெக்கானிக் எடுத்துப் போனார். ஒரே நாளில் வாங்கியவை, ஒரே வயது. அவர் எந்தப் பொடியும் போடவில்லை. செய்தது இவ்வளவுதான்.

முதலில், தகடு மூழ்கும் அளவுக்கு மட்டும் டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றினார். குறி வரை ஊற்றவில்லை. சார்ஜ் ஏறும்போது மட்டம் உயரும், வழிந்தால் ஆசிட் வீணாகும். பிறகு மூடிகளைத் திறந்து, காற்றோட்டமான இடத்தில் வைத்து, ஏழு ஆம்பியருக்கு மேல் போகாமல் மெதுவாக சார்ஜ் ஏற்றினார். 150 ஆம்பியர் பேட்டரிக்கு இருபதில் ஒரு பங்கு என்ற கணக்கு. இடையிடையே தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தார். ஆசிட் 45 டிகிரியைத் தாண்டினால் நிறுத்தி, ஆறவிட்டு, மறுபடி தொடங்கினார். கடைசியில் மணிக்கு ஒரு முறை ஹைட்ரோமீட்டர் பார்த்து, மூன்று முறை தொடர்ந்து ஒரே அளவு வந்த பிறகே சார்ஜை நிறுத்தினார். இரண்டு நாளுக்கு மேல் ஆனது. அதன்பின் குறி வரை தண்ணீர் ஊற்றினார்.

ஒரு பேட்டரியில் ஆறு செல்லும் 1130-லிருந்து 1225-க்கு ஏறின. புதிதில் ஆறு மணி நேரம் தாங்கியது, கழற்றும் முன் ஒன்றேகால் மணி நேரம்தான் தாங்கியது. இப்போது அதே விளக்கு, அதே மின்விசிறிக்கு நாலரை மணி நேரம் தாங்கியது. மேலும் ஒன்றேகால் வருடம் உழைத்தது. மற்றதில் ஐந்து செல் ஏறின, ஒன்று 1100-லேயே நின்றுவிட்டது. "இதுக்கு மேல இதுல காசு போடாதீங்க அண்ணாச்சி, எடைக்குப் போட்டுடுங்க" என்றார். அவருக்குக் கூலி கிடைக்கும் வேலையை அவரே வேண்டாம் என்றதால்தான் அவர் பேச்சில் எனக்கு நம்பிக்கை வந்தது.

இதை இன்வெர்ட்டரோடு இணைத்தபடியே செய்யக் கூடாது. இன்வெர்ட்டர் தன் கணக்குப்படி சார்ஜை நிறுத்திவிடும். மேலும் இந்த மெதுவான சார்ஜின் முடிவில் வோல்ட் 15-க்கு மேல் போகும். அது இன்வெர்ட்டருக்கு ஆகாது. தனி சார்ஜர் உள்ள பேட்டரிக் கடையில் கொடுப்பதே உத்தமம். வேலைக்குக் கொடுக்கும் முன்னும், வாங்கிய பின்னும், ஒரே சுமையை வைத்து எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்று கடிகாரம் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஹைட்ரோமீட்டரை ஏமாற்றலாம், கடிகாரத்தை ஏமாற்ற முடியாது.

அமெரிக்காவிலும் ஒரு பொடி

இந்தப் பொடி வியாபாரம் நம் ஊரில் மட்டும் நடந்ததல்ல. அமெரிக்காவில் கலிபோர்னியாவைச் சேர்ந்த ஜெஸ் ரிட்சி என்பவர் "ஏ.டி.எக்ஸ்.2" என்ற பெயரில் பேட்டரிக்குப் புத்துயிர் தரும் பொடியை விற்றார். அதில் இருந்தவை பெரும்பாலும் சோடியம் சல்பேட்டும், நம் கடைகளில் பேதி உப்பு என்று விற்கும் மெக்னீசியம் சல்பேட்டுமே. அந்நாட்டு அரசின் தர நிர்ணய அலுவலகம் சோதித்து, பொடி போட்ட பேட்டரிக்கும் போடாத பேட்டரிக்கும் வித்தியாசம் இல்லை என்றது. வாங்கியவர்களில் பலரோ நன்றாக வேலை செய்கிறது என்றார்கள்.

இது அரசியலாகி, 1953-இல் அந்த அலுவலகத்தின் இயக்குநர் ஆலன் ஆஸ்டின் என்பவரைப் பதவி விலகச் சொன்னார் வணிகத் துறைச் செயலர். சந்தையின் தீர்ப்பை அந்த அலுவலகம் மதிக்கவில்லை என்பது அவர் சொன்ன குறை. விஞ்ஞானிகள் கொதித்தெழுந்ததால் ஆஸ்டின் பதவியில் தொடர்ந்தார். தேசிய அறிவியல் கழகம் அமைத்த குழுவும் விசாரித்து, அலுவலகத்தின் சோதனை சரியே, பொடியால் பயனில்லை என்று கூறியது.

வியாபாரிகளாகிய நமக்கு இதில் ஒரு பாடம் உண்டு. வாங்கியவர் திருப்தி பெரிது என்றே நாம் பழகியிருக்கிறோம். ஆனால் பொடி போட்ட கையோடு தண்ணீரும் ஊற்றி, நெடுநேரம் சார்ஜும் ஏற்றினால், பட்டினி கிடந்த பேட்டரி தேறத்தான் செய்யும். வேலை செய்தது சார்ஜ். பெயர் வாங்குவது பொடி. பொடி போடாத ஒரு பேட்டரியையும் பக்கத்தில் வைத்து அதே மாதிரி சார்ஜ் ஏற்றிப் பார்த்தால்தான் உண்மை தெரியும். ஒரு மூட்டைச் சாம்பிளை நம்பி லாரிச் சரக்கு எடுக்காத நாம், பேட்டரி விஷயத்தில் மட்டும் ஏன் இளகிவிட வேண்டும்?

தராசு, செல்போன் பேட்டரிகள்

தராசில் இருப்பதும் ஈய ஆசிட் வகைதான்; ஆனால் மூடி சீல் செய்யப்பட்டது, பெரும்பாலும் 6 வோல்ட். இதைக் கொதிக்கக் கொதிக்க சார்ஜ் ஏற்றி மீட்கக் கூடாது; உள்ளே இருக்கும் கொஞ்ச ஈரமும் போய்விடும். மூடியைப் பெயர்த்துச் சில சொட்டுத் தண்ணீர் விட்டால் சில நாள் ஓடலாம். நிலைக்கும் என்று சொல்ல முடியாது. விலை குறைந்த பொருள், மாற்றிவிடுவதே லாபம். மாற்றும்போது தராசின் முத்திரைக்குச் சேதம் வராமல் உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடமே கொடுங்கள். முத்திரை உடைந்தால் மறுமுத்திரை போட்டாக வேண்டும். பேட்டரியில் மிச்சம் பிடித்தது அபராதத்தில் போய்விடும்.

செல்போனிலும், பல பேட்டரி ஸ்கூட்டர்களிலும் இருப்பது லித்தியம் வகை. மேலே சொன்ன எதுவும் இதற்குப் பொருந்தாது. அடியோடு இறங்கி வெகுநாள் கிடந்த லித்தியம் பேட்டரிக்குள் செம்பு கரைந்து, சார்ஜ் ஏற்றும்போது உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகித் தீப்பிடிக்க இடமுண்டு. உப்பிய பேட்டரியைக் குத்துவது, அழுத்துவது, ஃபிரிட்ஜில் வைத்து எடுப்பது எல்லாம் விபரீதம். துணிக்கடை, தீப்பெட்டி, எண்ணெய் வியாபாரம் செய்வோர் இதை இரட்டிப்பாக மனதில் கொள்ள வேண்டும்.

உயிர் காக்கும் எச்சரிக்கை

சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வருகிறது. காற்றில் நூற்றுக்கு நாலு பங்கு சேர்ந்தாலே ஒரு பொறி பட்டு வெடிக்கும். பேட்டரியைச் சாமி விளக்கு, ஊதுபத்தி எரியும் அலமாரிக்குக் கீழே வைத்திருக்கும் கடைகளை நானே பார்த்திருக்கிறேன். அருள்கூர்ந்து இன்றே இடம் மாற்றுங்கள். இருட்டில் தண்ணீர் மட்டம் பார்க்கத் தீக்குச்சி கிழிக்கவே கூடாது.

எங்கள் கடைப் பையன் ஒருமுறை மூடியைத் திறக்கையில் ஆசிட் கண்ணில் தெறித்துவிட்டது. பக்கத்தில் தண்ணீர்க் குடம் இருந்ததால் விடாமல் கால் மணி நேரம் கண்ணைக் கழுவிவிட்டு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். கண் பிழைத்தது. அன்று முதல் கண்ணாடியும் ரப்பர் கையுறையும் இல்லாமல் எங்கள் கடையில் யாரும் பேட்டரியைத் தொடுவதில்லை. சில நூறு ரூபாய்ச் செலவு. நம்மை நம்பி வேலைக்கு வந்த பிள்ளையின் கண்ணுக்கு விலை ஏது?

பட்டினி போடாமல் காப்பது

மீட்பதைவிடக் காப்பது எளிது. மாதம் ஒரு முறை தண்ணீர் மட்டம் பாருங்கள். குறைவது தண்ணீர் மட்டுமே, ஆசிட் குறைவதில்லை. ஆகவே டிஸ்டில்ட் வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும். குழாய்த் தண்ணீர் கூடாது, குடிக்கும் ஆர்.ஓ. தண்ணீரிலும் உப்பு மிச்சம் இருக்கும், அதுவும் கூடாது. கடையை நாள்கணக்கில் மூடுவதானால் முழு சார்ஜில் விட்டுப் போங்கள். வெயில் படும் இடத்திலும், தகரக் கொட்டகையின் கீழும் வைக்காதீர்கள். வெப்பம் 10 டிகிரி கூடினால் பேட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும். இரண்டு பேட்டரி ஓடும் இன்வெர்ட்டரில் ஒன்றைப் புதிதாக, ஒன்றைப் பழையதாகப் போடாதீர்கள். பழையது புதியதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும்.

இனி ஆகாது என்று தெரிந்த பேட்டரியை ஆசிட்டைச் சாக்கடையில் கொட்டிவிட்டுக் காயலான் கடைக்குப் போடுவது பெரும் பிழை. எடையில் பாதிக்கு மேல் ஈயமும் ஈயக் கலவையுமே. அதற்கு மதிப்பு உண்டு. முறையில்லாமல் உருக்கும் இடங்களில் அந்த ஈயப் புகையும் தூசியும் அக்கம்பக்கத்துக் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கின்றன. மைய அரசின் 2022-ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு விதிகளின்படி, பழைய பேட்டரியை மற்றக் குப்பையோடு சேர்க்காமல், சேகரிப்போரிடமோ மறுசுழற்சி செய்வோரிடமோ ஒப்படைப்பது உபயோகிப்பவரின் கடமை. புதிது வாங்கும் விற்பனையாளரிடமே பழையதைக் கொடுத்து, விலையில் கழித்துக்கொள்வது எல்லா வகையிலும் நல்லது. கொடுக்கும் முன் நம் தராசில் ஒரு முறை எடை போட்டுக்கொள்ளத் தவறாதீர்கள்.

முடிவாகச் சொல்வது ஒன்றே. பட்டினி கிடந்த பேட்டரிக்கு உயிர் வரும். அதற்கு மருந்து தண்ணீரும் மெதுவான சார்ஜும் பொறுமையும். தகடு செத்த பேட்டரிக்கு உயிர் வராது. வரும் என்பவர் நம் பணத்துக்குத்தான் வழி பார்க்கிறார். நிலுவையைப் பொறுமையாக வசூலியுங்கள். வராக்கடனைத் துணிந்து எழுதித் தள்ளுங்கள். வியாபாரத்தில் நாம் அறிந்த இந்த நெறியைப் பேட்டரிக்கும் கடைப்பிடித்து அன்பர்கள் பயன் பெறுவார்களாக.

வாழ்க வணிகம்! வளர்க நம் ஒற்றுமை!